நீளம் 37, சுற்றளவு வேறு

ஐரோப்பாவுக்குப் போகிற பெண்கள் ஷூவுக்கு முதல் சாம்பிளை 37-ஆம் சைஸில்தான் போடுவார்கள். பையர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பேட்டர்ன் 36-க்கு இறங்கும், 38, 39 என்று ஏறும். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் அலமாரி முழுக்க 37 தான். கறுப்பு, பழுப்பு, பாம்புத்தோல் அச்சு, முன்பக்கம் ஊசியாய் முடிவது, வட்டமாய் முடிவது, எல்லாம் 37.

என் காலும் 37. நீளத்தில்.

சாம்பிள் தயாரானதும் அதைப் போட்டு நடந்து காட்ட ஒரு பெண் வேண்டும். ஸ்டிச்சிங் லைனிலிருந்து ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண், ஒடிசலான கால். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுடிதார் பேன்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நாலடி நடப்பாள். குதிகால் கழன்று வருகிறதா, பக்கவாட்டில் வாய் பிளக்கிறதா, விரல் இடிக்கிறதா என்று பேட்டர்ன் மாஸ்டர் குனிந்து பார்ப்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஷூவை எண்ணி, எழுதி, பெட்டி கட்டி அனுப்புகிற என் காலுக்கு அதில் ஒன்றுகூட நுழையாது என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது யாராவது ஒரு புது சாம்பிளை என் மேசைமேல் வைத்திருப்பார்கள். சிண்ட்ரெல்லா கதை தெரியாத ஊரா என்ன.

எங்கள் ஊர் மாதனூர் பக்கம். பன்னிரண்டாவது முடிக்கும்வரை பள்ளிக்கு ரப்பர் செருப்பு, மற்ற நேரமெல்லாம் வெறுங்கால். மல்லாட்டைக் கொல்லையில் செருப்போடு இறங்கினால் ஆயா திட்டும். மழை நின்ற மறுநாள் செடி பிடுங்கும்போது ஈரமண்ணில் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதியும். என் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு பென்சில் நிற்கும். சுண்டுவிரல் தனக்கென்று ஒரு திசை பார்த்துக் கிடக்கும். "மொறம் மாரி விரிஞ்சி கெடக்குது பாரு, உங்க தாத்தன் காலுடி இது" என்று ஆயா சொல்லும். அதில் குறையொன்றும் இல்லை. தாத்தன் கால் என்றால் வரப்பில் வழுக்காத கால் என்று அர்த்தம்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் அது குறையாகத் தெரிந்தது. வந்த பெரியம்மா ஒருவர் முதலில் விரல்களைப் பார்த்தார். இரண்டாவது விரல் பெருவிரலைத் தாண்டி நீண்டிருந்தால் புருஷனை அடக்கிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா, அதில் நான் தேறிவிட்டேன். அப்புறம் முழுப் பாதத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணு காட்டு வேலை நல்லா செய்யும்போல" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, காரணம் கால் அல்ல, நகை.

அகலமான காலைப் பார்த்ததும் தட்டைக்கால் என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு. குளித்துவிட்டுச் சிமென்ட் தரையில் நடந்தால் என் சுவட்டில் நடுப்பாதம் பதியாது; வளைவு அழகாக, நன்றாகவே இருக்கிறது. வெறுங்காலில் வளர்ந்தால் தட்டைக்கால் வரும் என்பதும் தலைகீழ். தென்னிந்தியாவில் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து இரண்டு மருத்துவர்கள் 1992-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செருப்பே போடாத குழந்தைகளில் தட்டைக்கால் 2.8 சதவீதம், போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம். விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். இதை நான் படித்தது வெகுகாலம் கழித்து. அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்.

ஹீல்ஸ் ஆசை எனக்கு ஒரு இத்தாலி ஆர்டரில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. கறுப்பு ஸ்வேட், ஊசி முனை, 120 மி.மீ. குதிகால். கிட்டத்தட்ட ஐந்து அங்குலம். அதுவரை எங்களிடம் வந்தவை 50, 70 என்று சாதுவானவை. இதன் குதிகாலோ அடியில் என் சுண்டுவிரல் நகத்தளவு. வெளியே பிளாஸ்டிக், உள்ளே எஃகுக் கம்பி. 1950-களில் இந்த மாதிரிக் குதிகால் புறப்பட்டு வந்ததே அந்த உலோகத்தின் தயவில்தான். மரத்தில் இவ்வளவு மெலிசாகச் செதுக்கினால் முறிந்துவிடும். மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். குதிகாலிலிருந்து விரல்வரை இறங்கும் அந்தச் சரிவு, அடியில் தரைக்கும் ஷூவுக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றிடம். போட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஏன் என்று கேட்பவர்களிடம் நான் 4 அடி 11 அங்குலம் என்பதைக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் உயரம் மட்டும் வேண்டுமென்றால் கட்டை ஹீல், வெட்ஜ் என்று எத்தனையோ இருக்கின்றன, அகலப் பாதத்துக்கு அவை ஒத்தும் போகும். எனக்கு வேண்டியது அந்தச் சரிவு. ஹீல்ஸ் பெண்ணை முடமாக்கும் சங்கதி என்று எழுதுகிறவர்களையும் படித்திருக்கிறேன், முட்டி போய்விடும் என்கிற டாக்டரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பட்டுப்புடவை வேர்த்துக் கொட்டும் என்பதும் பொய்யில்லை, யார் கட்டாமல் விட்டோம்?

கடையில் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சென்னைக்குப் போகும்போதெல்லாம் அண்ணா சாலை, தி. நகர் என்று ஏறி இறங்கினேன். கடைப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே பாடம்: 37 நுழையவில்லையா, 38, அதுவும் இல்லையா, 39. "இன்னும் பெருசு தரட்டுமா மேடம்?" ஒரு கடையில் 42 வரை வந்துவிட்டது. முன்பாதம் ஒருவழியாக நுழைந்தது. எழுந்து நின்றதும் கால் சறுக்கி ஊசிமுனைக்குள் போய் அடைந்துகொண்டது. பின்னால் குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. "கொஞ்ச நாள் போட்டா சரியாயிடும்" என்றான் பையன். எது சரியாகும், ஷூவா காலா என்று சொல்லவில்லை.

மறுநாள் இதை மாஸ்டரிடம் சொன்னேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். பேரணாம்பட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர், அவருடைய மகன் வயதுக்காரர்களுக்கு மட்டும் பாய். கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அகலம் வேணும்னா நீளத்த ஏம்மா வாங்குற?"

அப்புறம் ஒரு லாஸ்டை எடுத்துக் கையில் கொடுத்தார். லாஸ்ட் என்பது ஷூவுக்கு உள்ளே இருக்கும் கால். அதன்மேல்தான் தோலை இழுத்து ஒட்டுவார்கள். முன்பு மரம், இப்போது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். விரல்கள் தொடங்குகிற இடத்தில் எலும்பு முட்டுகள் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் அல்லவா, அந்த இடத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பைப் போட்டார். 22 செ.மீ. என் காலைச் சுற்றிப் போட்டார். 24.5.

கணக்கை அவர் வாயாலேயே போட்டார். நான் அதைப் பிறகு எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஃபிரெஞ்சு அளவில் ஒரு சைஸ் ஏறினால் நீளம் 6.67 மி.மீ. கூடும், சுற்றளவு சுமார் 5 மி.மீ. கூடும். எனக்குத் தேவையான இரண்டரை சென்டிமீட்டரை சைஸ் ஏற்றியே பிடிக்க வேண்டுமானால் ஐந்து சைஸ் ஏற வேண்டும். அதுதான் கடைப் பையன் கொடுத்த 42. கூடவே வேண்டாத விருந்தாளியாக 3.3 செ.மீ. நீளமும் வந்து சேர்கிறது. அது மட்டுமல்ல. 42-க்காரியின் பாதம் வளைகிற இடம் வேறு. அவளுக்காக வளைத்த எஃகுப் பட்டை, ஷாங்க் என்பார்கள், என் பாதத்தின் வளைவுக்குக் கீழே சரியாக உட்காராது. குதிகாலும் அவளுடையதுபோல் பெரிதாக இருக்க வேண்டும். என் குதிகாலோ ஒடிசல். வெறுங்கால் நடையில் விரிவது முன்பாதம்தான்.

தட்டைச் செருப்பில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வாரைத் தாண்டிக் கால் வெளியே வழிந்தாலும் சந்தைக்குப் போய்த் திரும்பிவிடலாம். குதிகால் உயர உயர எடை முன்பாதத்தில் வந்து விழுகிறது. எடை விழுந்ததும் முன்பாதம் இன்னும் விரிகிறது. சரிவில் கால் முன்னால் நகரப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது விரல்களுக்கு மேல் படிகிற தோல்தான். அது இறுகினால் எலும்பு நசுங்கும், தளர்ந்தால் விரல்கள் முனையில் போய் இடிக்கும். ஹீல்ஸ் என்றால் எல்லோரும் குதிகாலைப் பார்க்கிறார்கள். காரியம் நடப்பது முன்னால்.

ஆங்கிலேய, அமெரிக்க ஷூ உலகத்தில் அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. நீளம் அதேதான், அகலம் மட்டும் டி, இ, இரட்டை இ என்று படிப்படியாக ஏறும். இங்கிலாந்துக் கணக்கில் ஒரு படிக்குச் சுற்றளவு கால் அங்குலம் கூடும். காலை வைத்ததும் நீளமும் அகலமும் சேர்ந்து காட்டுகிற பிரனாக் அளவுகோலை அமெரிக்காவில் 1920-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஏறி இறங்கிய கடைகளில் நீளம் பார்க்கிற பலகைதான் இருந்தது, அதுவும் கல்லாவுக்கு அடியில். அகலத்தில் நாலு படி வைத்தால் நாலு மடங்கு சரக்கு தேங்கும் என்று கம்பெனி முதலாளிகள் சொல்வார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரி. அதிலும் ஊசிக் குதிகால் ஷூவில் அகலம் வைப்பவர்கள் அரிது. அகலக் கால்காரிக்கு அகலமான ஷூ உண்டு, ஆனால் அது பாட்டி ஷூவாகத்தான் இருக்கும் என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம்.

மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் அவருக்கென்று ஒரு சின்னப் பட்டறை இருந்தது. கம்பெனி கழித்துப்போட்ட பழைய லாஸ்ட் ஒரு ஜோடியைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தோல் துண்டுகளைச் சீவி, ஓரத்தைக் காகிதம்போல் மெலிசாக்கி, லாஸ்டின்மேல் சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் முட்டிலும் ஒட்டி, காய்ந்ததும் அரத்தால் ராவினார். மறுபடி ஒட்டினார், மறுபடி ராவினார். அடிப்பக்கத்தையும் அகலமாக்கினார், மேலே மட்டும் தடித்தால் கால் ஷூவின் ஓரத்துக்கு வெளியே தொங்கும். குதிகால் பக்கம் கையே வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இத்தாலிக் கால் மாதனூர்க் காலாக மாறியது. அதைப் பார்த்துக்கொண்டு நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இம்மாம் ஒசரத்துல எப்படிம்மா நடப்பே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

உயரத்தில் மாஸ்டர் பிடிவாதமாக இருந்தார். முதல் ஜோடி 90 மி.மீ. தான். 120-ஐக் கேட்டதற்கு, "அந்தக் குதிகாலத் தூக்கி இதுல வெச்சா குப்புற விழுவே" என்றார். ஒவ்வொரு உயரத்துக்கும் லாஸ்ட் தனி. 90-க்கு வளைத்த லாஸ்டில் 120-ஐ மாட்டினால் முனை தரையில் குத்தும், ஷாங்க் ஒரு கோணத்திலும் குதிகால் ஒரு கோணத்திலும் நிற்கும். மேல்தோலுக்கு ஆட்டுத்தோல் என்று முடிவு செய்ததும் அவர்தான். ஆட்டுத்தோல் இழுத்துக் கொடுக்கும், போகப்போக முட்டு இருக்கிற இடத்தில் முட்டுக்கு இடம் விடும். நான் ஆசைப்பட்ட பளபளக்கிற பேட்டன்ட் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கி வராது.

அளவெடுக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "மெட்டியோட அளக்கட்டா, கழட்டிட்டு அளக்கட்டா?"

இத்தாலியில் யாரும் யாரையும் கேட்டிருக்க முடியாத கேள்வி. திருமணமான புதிது. இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் முறுக்கு வைத்த தடித்த மெட்டி. மூடிய ஷூவுக்குள் விரல்கள் நெருங்கும்போது மெட்டி பக்கத்து விரல்களைக் கடிக்கும். ஒரு விரலுக்கு ஒரு மெட்டிதான், ஆனால் புண்ணாவது மூன்று விரல். கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்தான். மாமியார் அந்த விஷயத்தில் கறார். அவர் ஒன்றும் சொல்லாமல் என் வெற்று விரலைப் பார்த்தாலே போதும். கடைசியில் பஜாரில் பத்தரிடம் சொல்லி, தகடுபோல் மெலிந்த மெட்டி ஒரு ஜோடி அடித்து வாங்கினேன். மாஸ்டர் அதைப் போட்டபடியே அளந்தார், லாஸ்டில் அந்த விரலுக்கு மேல் ஒரு கீற்றுத் தோலையும் கூடுதலாக ஒட்டினார். அந்த மெட்டிதான் இன்னும் என் காலில் இருக்கிறது.

ஷூ வந்துவிட்டது, எங்கே போடுவது? நம் ஊரில் ஹீல்ஸுக்கு ஏற்ற தரையெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. மொசைக், கிரானைட், டைல்ஸ். அங்கே செருப்புக்கு அனுமதி இல்லை. வெளியே வந்தால் ஜல்லி பெயர்ந்த ரோடு, சாக்கடைமேல் போட்ட உடைந்த சிலாப், பிளாட்பாரத்தில் கால் வைக்க முடியாத சரிவுகள். கோயிலில் கழற்ற வேண்டும், உறவுக்காரர் வீட்டில் கழற்ற வேண்டும், ஊரில் சில டாக்டர்களின் கிளினிக்கில்கூட வாசலில் விட வேண்டும். ஊசிக் குதிகாலைக் கண்டுபிடித்தவர்கள் செருப்போடு வரவேற்பறையில் உட்காருகிறவர்கள். நான் மொட்டைமாடியில் பழகினேன். தட்டோடு பதித்த மாடி, மாலை ஆறு மணிக்கு மேல், கைப்பிடிச் சுவர் ஓரமாக. எதிர்வீட்டுக் கிழவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடை எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். அடி சின்னதாக இருக்க வேண்டும். முட்டியை மடித்து நடக்கக் கூடாது. கீழே பார்த்தால் முதுகு வளைந்துவிடும். நிற்பதுதான் கஷ்டம், நடப்பது அல்ல. இதை நான் புரிந்துகொண்டது தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரு திருவிழாவில் பொய்க்கால் குதிரை பார்த்தபோது. மரக்கால்மேல் நிற்கிறவர்கள் ஒரு கணம்கூட நிலையாக நிற்பதில்லை. ஆட்டம் இல்லாத நேரத்திலும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அடிப்பரப்பு அவ்வளவு சிறிது, ஓய்ந்தால் சாய்ந்துவிடும். நானும் ரிசப்ஷன்களில் நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பேன். பார்க்கிறவர்களுக்குப் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் தெரியும். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் கொற்றவையின் மரக்கால் ஆடலும் ஒன்று என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் உயரத்தில் ஆடுவது ஒன்றும் நேற்று வந்த பழக்கம் இல்லை.

புடவையை ஹீல்ஸ் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிவிட்டுப் போட்டால் கணுக்கால் தெரியும். போட்டுக்கொண்டு கட்டினால் கொசுவம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்று, உள்ளே இருக்கிற 120 மி.மீ. யாருக்கும் தெரியாது. மண்டப வாசலில் கழற்றும்போதுதான் திடீரென்று குட்டையாகிவிடுவேன், அத்தோடு நாலு விரல் புடவை தரையில் புரளும்.

மாஸ்டர் 120-ஐயும் செய்துகொடுத்தார், சில வருடம் கழித்து, கண் மங்கத் தொடங்கிய பிறகு. அதற்கு மேலும் உயரம் உண்டு என்பதை லண்டனில்தான் பார்த்தேன்.

2015. கம்பெனி வேலையாகப் போயிருந்தேன். ஒரு மதியம் ஓய்வு கிடைத்தது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்போது காலணிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. இன்பமும் வலியும் என்று தலைப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் விவியன் வெஸ்ட்வுட்டின் நீல ஷூ, முதலைத்தோல் அச்சு, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். 1993-ல் பாரிஸ் மேடையில் நவோமி கேம்பல் விழுந்தது அதைப் போட்டுக்கொண்டுதான். விழுந்து, உட்கார்ந்தபடியே சிரித்த படம் உலகம் முழுக்க வந்தது. மற்றவர்கள் குதிகாலைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கண் முன்பக்கத்துக்குப் போனது. முன்னாலும் ஒரு பெரிய மேடை. பிளாட்ஃபார்ம் இருந்தால் குதிகால் உயரத்திலிருந்து அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மீதிதான் கால் உணரும் சரிவு. தலை அவ்வளவு உயரத்தில் இருக்கும், ஆனால் பாதம் அவ்வளவு செங்குத்தாக நிற்காது. ஆபத்து வேறு இடத்தில்: அடி மடங்காது, தரை காலுக்குத் தெரியாது, பிசகினால் கணுக்கால் அவ்வளவு உயரத்திலிருந்து திரும்பும்.

அந்தக் கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பையரின் அலுவலகத்துப் பெண் ஒருத்தி சொல்லி ஒரு கடைக்குப் போனேன். மாடிப்படி ஏறிப் போக வேண்டும். மேடையில் பெண் வேடம் போட்டு ஆடும் ஆண்களுக்கும், கம்பத்தில் ஏறி ஆடும் பெண்களுக்கும் ஷூ விற்கிற கடை. கடைக்காரர் ஆறடி உயரம், தாடி, விரல்களில் பச்சை நகப்பூச்சு. என் காலைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, கேட்காமலே டேப்பை எடுத்து முட்டைச் சுற்றி அளந்தார். ஒரு கடையில் என் காலைச் சுற்றி அளந்தது அதுதான் முதல் தடவை. "இந்த அகலம் எங்களுக்குச் சாதாரணம்" என்றார். ஆண்களின் பாதம் அகலம், எடையும் அதிகம். அவர்களுக்கென்று செய்யும் ஹீல்ஸில் லாஸ்டே அகலமாகத்தான் வரும், ஷாங்க் தடிமனாக இருக்கும்.

2005-ல் வந்த 'கிங்கி பூட்ஸ்' படத்தின் கதையும் இதுதான். நார்த்தாம்ப்டன்ஷயரில் நொடிக்கிற நிலைக்கு வந்துவிட்ட ஒரு குடும்ப ஷூ கம்பெனி, பெண் வேடக் கலைஞர்களுக்கு பூட்ஸ் செய்யப் புறப்படுகிறது. உண்மையிலேயே அங்கே நடந்ததைத் தழுவி எடுத்தது. பெண் ஷூவின் குதிகால் ஆணின் எடையில் முறிகிற காட்சியை விட, வேலை இல்லாமல் நிற்கிற லாஸ்டிங் மிஷின்களைக் காட்டுகிற காட்சிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. ஆம்பூரிலும் அப்படி நின்ற மிஷின்களைப் பார்த்தவள் நான்.

அந்தக் கடையில் இருப்பதிலேயே சின்ன சைஸ் 39. இரண்டு சைஸ் பெரிது, ஆனால் முன்னால் திறந்த சாண்டல், மேல்வாரைப் பக்கிளில் இறுக்கலாம், கணுக்காலில் இன்னொரு வார். முன்னால் திறந்திருந்தால் நீளம் கொஞ்சம் மன்னிக்கும். குதிகால் 15 செ.மீ., பிளாட்ஃபார்ம் 4.5. அதாவது பாதத்துக்கு 10.5 தான், மாஸ்டர் செய்த 120-ஐவிடக் குறைவு. எழுந்து நின்றேன். கடைக்காரரின் தாடிவரை வந்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக அலமாரியின் மேல்தட்டில் தூசி இருப்பது தெரிந்தது. விலையைச் சொல்லப்போவதில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சென்னையில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது அவர் சொன்னது, "இப்ப உன் கூட சண்டை போட்டா கழுத்து வலிக்காது."

2024-ல் ஒரு செய்தி வந்தது. சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்திருக்கிறது, 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச்வரை. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலம். வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவுமுறையில் ஷூ வருவதால் நாம் அகலத்துக்காக நீளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறோம். 'பா' என்ற பெயரில் நமக்கென்று தனி அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். படித்ததும் போனை எடுத்து மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம், கண்ணும் ஒன்றுதான் இப்போது. முழுவதும் கேட்டுவிட்டு, "லட்சம் பேர அளந்தாங்களா?" என்றார். "ஆமா மாஸ்டர்." "ஸ்டிச்சிங் லைனுக்கு வந்திருந்தா எண்ணூறு பேர ஒரே எடத்துல அளந்திருக்கலாமே."

அளவுமுறை வந்தாலும் ஊசிக் குதிகாலுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆகும் என்பது என் கணிப்பு. பள்ளிக்கூட ஷூவுக்கு வரட்டும் முதலில். அதுதான் முக்கியம்.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வருடக்கணக்கில் ஹீல்ஸ் போட்டால் கெண்டைக்கால் தசை குறுகிவிடும், குதிகால் நாண் விறைத்துவிடும். எனக்கும் அந்த விறைப்பு உண்டு, காலையில் வெறுங்காலில் இறங்கும்போது தெரியும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் கை ஊன்றி நாணை இழுத்து விடுகிறேன். பையில் தட்டைச் செருப்பு ஒன்று எப்போதும் இருக்கும், கூடவே இஞ்ச் டேப்பும். மாஸ்டரின் மருமகன் அந்தத் திண்ணைப் பட்டறையைப் பெரிதாக்கியிருக்கிறார். லாஸ்டைக் குண்டாக்கும் வேலையை இப்போது வெளியூர்க்காரர்களுக்கும் செய்கிறார், மணப்பெண்கள்தான் அதிகம்.

போன ஆவணியில் வேலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. கை கழுவுகிற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண், முப்பது வயதிருக்கும், என் புடவை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க, அது எங்க வாங்கினீங்க?" அவள் காலில் ஜரிகைச் செருப்பு, சுண்டுவிரல் வாருக்கு வெளியே, தனியாக. நான் பதில் சொல்வதற்குள் அவளே, "எனக்கு எதுவுமே நுழையாது ஆன்ட்டி, நாப்பது சைஸ் வாங்கிப் பார்த்துட்டேன்" என்றாள். பெண்வீட்டார் அறையில் ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்து டேப்பை எடுத்தேன். வெளியே கடைசிப் பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெட்டி போட்டிருந்தாள்.

"கழட்டணுமா ஆன்ட்டி?"

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். நீளம் 38, சுற்றளவு 25.2. என்னைவிட அகலம். ஜாக்கெட் தைக்கிற கடைச் சீட்டு ஒன்று அவள் பையில் இருந்தது. அதன் பின்பக்கம் இரண்டு எண்ணையும் எழுதி, அடியில் மருமகனின் பட்டறைக்கு வழியும் எழுதிக் கொடுத்தேன். "முதல் ஜோடி 90-க்கு மேல கேட்டா செய்ய மாட்டாங்க, சண்டை போடாதே."

"எவ்ளோ நாள் கழிச்சு 120 தருவாங்க?" என்றாள், பந்திக்கு எழுந்து போய்க்கொண்டே.